இல்லாத கேமராவின் இழுவை

தண்ணி லாரி மெதுவாகத்தான் வந்தது என்று சென்னையில் ஒரு நீதிமன்றத்தில் நின்று வாதாடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு அது கிடையாது. இலவச சட்ட உதவியில் அன்றைக்கு என் முறை, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாததைத்தான் எங்கள் துறையில் சேவை என்கிறோம்.

வழக்கு இதுதான். பெரும்பாக்கம் சாலையில் கன்னியப்பன் என்பவர் ஓட்டி வந்த தண்ணி லாரி மோதி, சாலையைக் கடந்துகொண்டிருந்த டில்லிபாபு என்ற லிஃப்ட் மெக்கானிக் அந்த இடத்திலேயே இறந்துபோனார். 'வேக மரணம்' என்ற புதிய பிரிவில் வழக்குப் போட்டார்கள். நிரூபணமானால் ஏழு வருடம். ஜாமீன் கிடையாது என்பதால் கன்னியப்பன் அன்றிலிருந்தே சிறையில் இருந்தார். போய்ப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கனத்த தோள், மெல்லிய குரல்.

"பிரேக் போட்டேன் வக்கீலம்மா" என்றார்.

"எல்லாரும்தான் போடறாங்க" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கட்சிக்காரரிடம் என்ன நடந்தது என்று கேட்பதெல்லாம் எங்கள் தொழிலில் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அதற்குத்தான் படம் இருக்கிறதே.

படம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கேமரா இருந்தது. பிறகு யாரை வேண்டுமானாலும் வைத்து யார் வேண்டுமானாலும் வீடியோ தயாரிக்கலாம் என்றாகிவிட்டது. ஒரு கவுன்சிலர் ஒரே நேரத்தில் மூன்று ஊர்களில் லஞ்சம் வாங்கும் மூன்று வீடியோக்கள் வந்தன. எது உண்மை என்று தெரியாமல் மூன்றையும் தள்ளுபடி செய்தார்கள். அந்த நேரத்தில் அவர் நான்காவது ஊரில் வாங்கிக்கொண்டிருந்ததாகப் பேச்சு. இனி வீடியோ சாட்சியாகாது என்று சட்டம் வந்தது. கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியையோ அதற்கு முன்பே தலைமுழுகிவிட்டோம், ஏனென்றால் போலீசிடம் பார்த்தேன் என்றவர் கோர்ட்டில் அன்று நான் ஊரிலேயே இல்லை என்பார்.

ஆகவே விளக்குக் கம்பங்களிலிருந்து கேமராக்களை இறக்கிவிட்டு 'புள்ளிக்கண்' என்ற கருவியை ஏற்றினார்கள். அது படம் பிடிக்காது. எது, எப்போது, எங்கே இருந்தது என்று புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும். லாரிக்கு ஒரு புள்ளிக்கூட்டம், மனிதனுக்கு ஒரு புள்ளிக்கூட்டம். யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டு வேறு. ஒரே சிக்கல், அந்தப் புள்ளிகளைப் பார்த்து எந்த நீதிபதிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனவே புள்ளிகளை வைத்துக் கணினியில் காட்சியாக வரைந்து தர ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள்.

அதாவது, வீடியோவைச் செயற்கையாகச் செய்துவிட முடிகிறது என்பதால் வீடியோவை ஒழித்துவிட்டு, செயற்கையாகச் செய்த வீடியோவைச் சட்டபூர்வமாக்கினோம். 'மறுகாட்சி' என்று அழகான தமிழ்ப் பெயரும் வைத்தோம். பெயர் வைத்துவிட்டால் நம் ஊரில் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் விசாரணையில் அந்த மறுகாட்சியைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். லாரி பாய்ந்து வந்தது. வந்தது என்றா சொல்வது, திரையைக் கிழித்தது. முகப்பில் எழுதியிருந்த 'குடிநீர்' என்ற எழுத்துகள் நீளக் கோடுகளாகிப் படிக்க முடியாமல் போயிருந்தன. டில்லிபாபு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல். அவருடைய வலது கை மேலே எழுந்து ஒரு விசிறியாகப் பரவிக் கரைந்தது. மோதிய வேகத்தில் கை தூக்கி எறியப்பட்டதாக அரசு வக்கீல் விளக்கினார். கோர்ட்டில் 'ச்சு, ச்சு' என்று சத்தம் எழுந்தது.

"ஐயா, புள்ளிக்கண் கணக்குப்படி லாரியோட வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர்தான்" என்றேன்.

நீதிபதி கோதண்டபாணி என்னை இரக்கத்தோடு பார்த்தார். கெட்டவர் இல்லை. தன் கண்ணை நம்புகிறவர். "கண்ணால பார்க்கறோமேம்மா. அது இருபதா?" என்றார்.

மறுகாட்சியைத் தயாரித்த பெண்ணை அரசு வக்கீல் கூண்டில் ஏற்றினார். ஷெரின் என்று பெயர், இருபத்தேழு இருபத்தெட்டு வயது. கோர்ட்டைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள்.

"காட்சி எல்லாம் விதிப்படிதானே இருக்கு?"

"ஆமா சார். இழுவை மட்டும் கொஞ்சம் கூடுதலா இருக்கும். தண்ணி லாரின்னா அப்படித்தான்."

அரசு வக்கீலின் முகம் மலர்ந்தது. "இழுவை! அதாவது லாரியோட இழுவை?"

"ஆமா சார், லாரிக்குத்தான்."

தீர்ந்தது. மோதியது மட்டுமில்லாமல் இழுத்தும் சென்றார் என்று இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். ஏழு வருடம் பத்து வருடமானது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டில்லிபாபுவின் மனைவி நிரோஷா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். செத்தவரை இழுத்து வேறு போனானா என்ற அழுகை. கூண்டில் நின்ற கன்னியப்பன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் பையை மூடினேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. பிரேதப் பரிசோதனையில் உடல் இழுபட்டதற்கான சிராய்ப்பு ஒன்றுகூட இல்லை. தரமணியில் ஷெரினின் அலுவலகத்துக்குப் போனேன். குளிரில் பற்கள் தந்தியடிக்கும் அளவுக்கு ஏசி வைத்திருந்தார்கள். கணினிகளுக்காகவாம், மனிதர்களுக்கு ஸ்வெட்டர்.

"லாரி அவரை எத்தனை அடி இழுத்துச்சு?" என்று கேட்டேன்.

ஷெரின் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஐயையோ மேடம். இழுவைன்னா லாரி இழுத்தது இல்ல. ப்ளர் மேடம். வேகமா போற வண்டியை ஃபோட்டோ எடுத்தா கோடு கோடா இழுத்துட்டுத் தெரியும்ல? அதைத்தான் இங்க எல்லாரும் இழுவைன்னு சொல்லுவோம்."

"அதுக்கு வேற வார்த்தையே கிடையாதா?"

"கவர்மென்ட்டுல 'இயக்கவழிக் கலங்கல்'னு ஒண்ணு குடுத்திருக்காங்க. அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடும் மேடம்."

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். டீ ஆறாமல் இருப்பதற்காக ஒரு மனிதனுக்கு மூன்று வருடம் கூடுதல் சிறை. அதுவும் இரு தரப்பும் சுத்தத் தமிழில் பேசிக்கொண்டதால் வந்த வினை.

"சரி, அந்தக் கோடு எப்படி வருது?"

"கேமரா கதவு திறந்து மூடும் இல்லியா மேடம், அந்தத் துளி நேரத்துல வண்டி கொஞ்சம் நகர்ந்துடும். நகர்ந்தது மொத்தமும் ஒரே படத்துல விழறதால இழுவை. கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தா இழுவை ஜாஸ்தி."

"உங்க கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?"

"எங்ககிட்ட கேமராவே இல்லியே மேடம்."

அவளே தொடர்ந்தாள். "முதல்ல எல்லாம் இழுவை இல்லாமத்தான் குடுத்தோம். பளிச்சுனு இருக்கும். லாரியோட நட்டு போல்ட்டுகூடத் தெரியும். ஜட்ஜுங்க எல்லாம், 'என்ன இது, என் பையன் ஆடற கேம் மாதிரி இருக்கு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒரு கமிட்டி போட்டாங்க. நம்பற மாதிரி இருக்கணும்னா கேமராவோட குறையையும் சேர்க்கணும்னு சொல்லிட்டாங்க."

"இல்லாத கேமராவோட குறை."

"ஆமா மேடம். அதுக்குத்தான் ரொம்ப வேலை. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல லாரி எங்கெல்லாம் இருந்திருக்கும்னு கணக்குப் போட்டு, நிறைய படமா வரைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு கரைச்சு விடணும்."

"எங்கெல்லாம் இருந்திருக்கும்னு."

"இருந்திருக்கும்னு" என்றாள், குரல் சற்று இறங்கி.

கதவு எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கெல்லாம் தயாராக அளவுகள் இருந்தன. திரையில் காட்டினாள். அமைச்சர் வாகனம் என்று தொட்டால் 'சாந்தம்' என்று வந்தது. பள்ளி வேனுக்கு 'மிதம்'. ஷேர் ஆட்டோவுக்கு 'துடுக்கு'. தண்ணி லாரியைத் தொட்டாள். 'உக்கிரம்' என்று வந்தது.

"யார் வெச்ச பேரு இதெல்லாம்?"

"எனக்கு முன்னாடி இருந்த சார். தண்ணி லாரியை மெதுவா காட்டினா கோர்ட்டுல நம்பறதில்ல மேடம். தப்பா வரைஞ்சிருக்கீங்கன்னு திருப்பிடுவாங்க. உக்கிரத்துல வெச்சா ஒரே தடவையில பாஸ்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இந்த ஊரில் தண்ணி லாரியைக் கண்டதும் ஓரத்தில் ஒதுங்கி நின்று திட்டாதவர் யார்? நானும் திட்டியிருக்கிறேன். ஊர் மொத்தத்தின் வசவையும் சேகரித்து ஒரு பொத்தானில் அடைத்து வைத்திருந்தார்கள். அதை அமுக்கினால் ஒரு மனிதன் பத்து வருடம் உள்ளே போவான்.

இழுவை இல்லாமல் காட்சியைக் காட்ட வேண்டும் என்று மனுப் போட்டேன். இழுவை இல்லாத காட்சி இயற்கைக்கு முரணானது என்று அரசு வக்கீல் எதிர்த்தார். எந்த இயற்கை என்று கேட்டேன். நீதிபதிக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். சிராய்ப்பே இல்லாத பிரேதப் பரிசோதனையைப் பார்த்து 'லாரி இழுத்தது' என்ற பிரிவை அன்றே நீக்கினார். காட்சிக்கும் அனுமதி கொடுத்தார்.

அடுத்த விசாரணையில் திரையில் ஓடியது வேறு ஒரு லாரி. எல்லாம் பளிச்சென்றிருந்தது. முகப்பில் 'குடிநீர்' என்று நிதானமாகப் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே 'பின்தொடராதே' என்றுகூட ஒரு வாசகம், அதை ஏன் முகப்பில் எழுதினார்கள் என்று யோசிக்கவும் நேரம் இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் வருவதுபோல வந்தது லாரி. கோர்ட்டில் ஒரே சலசலப்பு.

"இவ்வளவு மெதுவாவா வந்துச்சு?" என்றார் நீதிபதி.

"இவ்வளவு மெதுவாத்தான் ஐயா" என்றேன். என் குரலில் கொஞ்சம் திமிர் இருந்தது. இருக்கட்டுமே, எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

"நிறுத்துங்க" என்றார் அவர் திடீரென்று. "அந்த இடத்துல நிறுத்துங்க."

காட்சி நின்றது. சாலையின் நடுவில் டில்லிபாபு. போன முறை வெறும் கலங்கலாக இருந்தவருக்கு இப்போது சட்டை இருந்தது, மீசை இருந்தது. லாரியைப் பார்த்துத் திரும்பியிருந்தார். வலது கை உயர்ந்திருந்தது. விசிறி இல்லை, கை. உள்ளங்கை, ஐந்து விரல்கள். முகத்தில் நல்ல சிரிப்பு.

"சிரிக்கிறாரே" என்றார் நீதிபதி.

"டாட்டா காட்டற மாதிரி இருக்கு ஐயா" என்றார் அரசு வக்கீல். தோற்கப்போகும் வழக்குக்கு மரியாதையான ஒரு வாசல் தெரிந்ததும் மனிதர் சுறுசுறுப்பாகிவிட்டார். "லாரி மெதுவா வருது, இவரு பார்க்கறாரு, சிரிச்சுட்டுக் கை காட்டறாரு, ஒதுங்கல. வேணும்னே வந்து விழுந்திருக்காரு. இதுல டிரைவர் மேல என்ன தப்பு?"

நீதிபதி பெருமூச்சு விட்டார். அந்த மூச்சிலேயே கன்னியப்பனுக்கு விடுதலை இருந்தது. நான் முன்வரிசையைப் பார்த்தேன். நிரோஷா அழவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி கணவனின் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காட்சியை ஓட்டிக்கொண்டிருந்த ஷெரின் என் பக்கம் குனிந்தாள். "மேடம், அது அவர் சிரிப்பு இல்ல."

"என்ன?"

"புள்ளிக்கண்ணுக்கு முகம் தெரியாது. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, கை எங்க இருக்கு, அவ்வளவுதான் தெரியும். முகத்தை ஃபோட்டோவிலேர்ந்து எடுத்து ஒட்டுவோம். அவங்க வீட்டுல குடுத்தது கல்யாண ஃபோட்டோ மேடம்."

"மாத்த வேண்டியதுதானே?"

"இழுவையில முகமே தெரியாதே. யாரும் அதைச் சரிபார்க்கறதில்ல."

ஒரு பொய்யைத் துடைத்தால் அதற்கடியில் இன்னொன்று பளபளப்பாக இருந்தது. அதைத் துடைக்கச் சொல்லி மனுப் போட்டதும் நான்தான். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் டில்லிபாபுவின் வக்கீல் இல்லை, கன்னியப்பனின் வக்கீல். நீதிபதி தப்பான வழியாகச் சரியான தீர்ப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அப்படி நடப்பவரை வழிமறிக்கக் கூடாது என்பதுதான் நாங்கள் படித்த சட்டம்.

"ஐயா, அவுரு சிரிக்கல."

கூண்டிலிருந்து வந்த குரல். கன்னியப்பன்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

"அவுரு சிரிக்கல ஐயா. நான்தானே பார்த்தேன்? இங்க இருக்கிற யாரு பார்த்தாங்க?"

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கை காட்டறாரே?"

"டாட்டா இல்ல ஐயா. ரோடு தாண்டறதுக்குக் காட்டின கை. இதோ, இப்படி."

கன்னியப்பன் வலது கையைத் தோளுயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையைப் பக்கவாட்டில் காட்டி, முகத்தை முன்னால் வைத்தபடி இரண்டு எட்டு நடந்து காட்டினார். இந்த ஊரில் யாருக்குத் தெரியாது அந்தக் கை? சிக்னல் இல்லாத இடத்தில், கோடு போடாத இடத்தில், வருகிற பஸ்ஸை ஒற்றைக் கையால் நிறுத்திவிட்டு நடக்கிறோமே, அந்தக் கை. வண்டிக்காரர் திட்டிக்கொண்டே நிறுத்துவார், நாம் திட்டு வாங்கிக்கொண்டே கடப்போம். இங்கே ஒழுங்காக வேலை செய்யும் ஒரே போக்குவரத்து விதி அது. அன்று காலையில் நீதிபதியும் அந்தக் கையைக் காட்டித்தான் எதிர்ப்பக்கம் காபி குடிக்கப் போயிருப்பார். திரையில் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் அது அடையாளம் தெரியவில்லை.

"பார்த்தேன் ஐயா. நிப்பாட்டினேன். லாரி நின்னுச்சு. தண்ணி நிக்கல" என்றார் கன்னியப்பன்.

"என்னய்யா சொல்ற?"

"டேங்க்கு பாதிதான் ரொம்பி இருந்துச்சு. முழுசா இருந்தா தண்ணி ஆடாது. பாதி இருந்தா உள்ள கடல் மாதிரி அடிக்கும். தடுப்புத் தகடு வெச்சா அடங்கும். ஓனர் வெக்கல. வெக்காத வண்டின்னு தெரிஞ்சுதான் நானும் ஓட்னேன். நான் நின்னதும் தண்ணி மொத்தமும் முன்னாடி வந்து முட்டுச்சு. வண்டி மறுபடி நகர்ந்துச்சு. அதுக்குள்ள அவுரு, நாந்தான் நின்னுட்டனேன்னு முகத்தைத் திருப்பி நடக்க ஆரம்பிச்சுட்டாரு." அவர் திரையைக் காட்டினார். "சிரிக்கல ஐயா. என்னை நம்பினாரு."

நீதிபதி ஷெரினைப் பார்த்தார். "லாரி நடுவுல நின்னுச்சாம்மா?"

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல நின்னிருந்தா தெரியாது சார். நடுவுல நடந்ததை நாங்களாத்தான் நேர்கோடா நிரப்பறோம். முகமும் சார், அந்த முகம் வந்து…"

"காட்சி இப்போ விதிப்படி இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா."

ஷெரின் என்னைப் பார்த்தாள். "விதிப்படி இருக்கு சார்" என்றாள்.

நீதிபதி மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். "கன்னியப்பன், நீங்க சொல்றது உங்களுக்கே எதிரா இருக்கு. தெரியுதா?"

"தெரியும் ஐயா."

"நல்லவேளை, மனுஷ சாட்சியை நான் எடுத்துக்க முடியாது. படத்துல இல்லாததை எழுதவும் முடியாது."

எழுதினார். ஓட்டுநர் நிரபராதி, விடுதலை. இறந்தவர் தானே விரும்பி உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது காட்சியில் ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. அரசு வக்கீல் என் கையைக் குலுக்கினார். தண்ணி லாரி டிரைவருக்கு விடுதலை வாங்கிய முதல் வக்கீல் நான்தான் என்று இரண்டு ஜூனியர்கள் வந்து வணங்கினார்கள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது.

வராந்தாவில் நிரோஷா எங்களை வழிமறித்தாள். அறை விழப்போவது எனக்குத்தான் என்று நினைத்தேன். அவள் கன்னியப்பனிடம் போனாள்.

"அன்னிக்குக் காலைல நான் அவர் மேல கத்திட்டேன்" என்றாள். "பொண்ணு ஸ்கூல் டான்ஸுக்கு இந்த வருஷமும் வரலைன்னா வீட்டுப் பக்கமே வராதன்னு சொன்னேன். சும்மா வாயில வந்தது. இப்போ எங்க மாமியார் உள்ள உக்காந்து படத்தைப் பார்த்தாங்க. நாளைக்கு என் பொண்ணு பார்ப்பா. அப்பா சிரிச்சுக்கினே டாட்டா காட்டிட்டுப் போனாரு, அம்மா கத்தினதால போனாருன்னு நினைப்பா." அவள் மூச்சு வாங்கினாள். "உண்மையைச் சொல்லுங்க. உங்க மேல எனக்கு இனிமே கோவம் வந்தாலும் பரவாயில்ல. அவர் எப்படி வந்தாரு?"

"அவசரமா வந்தாரும்மா" என்றார் கன்னியப்பன். "தோள்ல பை. ஒரு கையில பையைப் புடிச்சுக்கினு இன்னொரு கையைக் காட்னாரு. சாவப் போற ஆளு எதுக்கும்மா லாரியை நிறுத்தச் சொல்லுவாரு?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்தப் பெரிய அறையில் இத்தனை பேர் படித்தவர்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நிரோஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கன்னியப்பன் அவள் அழுது முடியும்வரை தலையைக் குனிந்து நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இந்தத் தீர்ப்பை மாத்தணும்னா என்னா பண்ணணும் வக்கீலம்மா?"

"உங்களுக்குச் சாதகமா வந்த தீர்ப்பு."

"அதான் கேக்கறேன்."

"உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. விடுதலை வேணாம்னு யாரும் மேல்முறையீடு போட முடியாது. செத்தவர் குடும்பம் போடலாம். மேல்கோர்ட் மட்டும் மனுஷ சாட்சியைக் கேக்கலாம். போட்டா, தகடு இல்லாத வண்டின்னு தெரிஞ்சே ஓட்டினேன்னு நீங்க வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்க. பத்து வருஷம் வராது. ஆனா ஒரு ரெண்டு வருஷமாவது உள்ள இருப்பீங்க. வேற யாரும் உங்களைப் புடிச்சு உள்ள தள்ளல, நீங்களா போறீங்க. புரியுதா?"

புரிந்தது. அவர் முகம் சாம்பிப்போனதிலிருந்து தெரிந்தது. வாசலுக்கு வெளியே அவர் மனைவி புதுச் சட்டையோடு காத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒருமுறை பார்த்தார்.

"எனக்கும் வீட்டுக்குப் போகணும்னுதான் இருக்கு" என்றார். "ஆனா என்னை நம்பித் திரும்பின மனுஷன் வக்கீலம்மா. அவர் மேல பழியைப் போட்டுட்டு நான் எப்படிச் சோறு துன்றது?"

எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அதை மறைக்கத் தொழில் பேச்சுக்குத் தாவினேன். நிரோஷாவிடம், என் கட்சிக்காரருக்கு எதிராக நான் வரக்கூடாது, நல்ல வக்கீல் ஒருவரைச் சொல்கிறேன் என்றேன். மேல்முறையீட்டுக்குப் புது மறுகாட்சி கேட்கலாம், லாரி நின்று நகர்ந்ததைச் சேர்க்கச் சொல்லலாம், முகத்தையும் மாற்றிவிடலாம் என்றேன். பக்கத்தில் நின்ற ஷெரின் வேகமாகத் தலையாட்டினாள்.

"எங்ககிட்ட நிறைய முகம் இருக்கு மேடம். பயந்த முகம், கவலையான முகம், யோசிக்கற முகம். அவருக்கு எது பொருந்தும்னு நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்க" என்றாள். உதவ வேண்டும் என்ற உண்மையான ஆசையில்தான் சொன்னாள் பாவம்.

நிரோஷா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஷெரினைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"படம் வேணாம் மேடம்" என்றாள். பிறகு கன்னியப்பனைக் கேட்டாள். "நீங்க வந்து சொல்லுவீங்களாண்ணா?"

"வரேம்மா" என்றார் அவர். "நீ மனுவைப் போடு."